லாரி வரும் முன் பட்டியலில் பெயர் ஏறட்டும்



இட்லிக் கொப்பரை முன்னால் வேர்த்து நிற்கிற அக்காமாரே, பரோட்டாக் கல்லில் விரல் காய்த்துப்போன அண்ணன்மாரே, சுண்டல் தூக்கோடு பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருகிற தம்பிமாரே! அடுப்பை ஐந்து நிமிடம் சிம்மில் வையுங்கள். இந்தத் தாளைப் படியுங்கள். படித்து முடித்ததும் இதிலேயே பஜ்ஜி எண்ணெயை ஒற்றிவிடாதீர்கள். அச்சடித்த தாளில் பலகாரம் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன். எழுத்துக் கூட்டத் தெரியாத பக்கத்துக் கடைக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஊருக்குள் அந்த வார்த்தை மறுபடி உலவுகிறது. ஆக்கிரமிப்பு அகற்றம். பண்டிகை நெருங்கினால் வரும், பெரிய அதிகாரி ஊருக்கு வந்தால் வரும், புதிதாக ஒரு நடைபாதைக்குக் கல் பதித்தால் வரும். முதல் நாள் மைக்கில் சொல்வார்கள். மறுநாள் லாரி வந்து நிற்கும். மூன்றாம் நாள் பேப்பரில் "சாலை பளிச்" என்று படம் போடுவார்கள். நாலாம் நாள் நாமெல்லாம் திரும்ப வந்து அதே இடத்தில் வண்டியை நிறுத்துவோம், போன சாமானுக்குப் பதில் வாங்கிய புதுக் கடனோடு. எத்தனை வருஷமாக இந்தக் கூத்து!

என் வண்டி போன கதையைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த லாரி எல்லா ஊரிலும் ஒன்றுதான். 2016ஆம் வருஷம். மாலை ஆறு மணி. வீட்டில் என் சம்சாரம் எட்டுப் படி அரிசி ஊறவைத்து ஆட்டிக் கொடுத்த மாவு, இரண்டு வாளி. சால்னா அண்டா கொதிக்கிறது. நாலு பேர் இறங்கினார்கள். "தூக்குடா" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அண்டாவைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். என்ன எடுத்தோம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மூன்றாம் நாள் கிடங்கில் போய்ப் பார்த்தால் வண்டி இருக்கிறது, தோசைக்கல் இல்லை. சிலிண்டர் இருக்கிறது, ரெகுலேட்டர் இல்லை. மாவு வாளி பொங்கி வழிந்து புளித்து, நாற்றம் வாசல் வரை வந்தது. மூவாயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். ரசீது கேட்டேன். சிரித்தார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014 மே 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. நான் வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது அதற்கு இரண்டு வயது ஆகியிருந்தது. சாமானைப் பறிமுதல் செய்தால் அங்கேயே பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு, நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. கெட்டுப்போகும் பொருளாக இருந்தால் நாம் போய்க் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். கெடாத பொருள் என்றால் இரண்டு வேலை நாளுக்குள். விற்பனைச் சான்றிதழ் இல்லாமல் விற்றாலும் அபராதம் 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 28ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது. என்னிடம் மூவாயிரம்! லாரியில் வந்த பையன்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, அவர்களும் ஒப்பந்தக் கூலிதான். சிரித்தவருக்குத் தெரியும்.

அந்தச் சட்டத்தை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை, தோழர்களே. அகமதாபாத் மாணிக் சௌக்கில் காய்கறிக் கூடைப் பெண்கள், ஏலா பட் கட்டிய சேவா சங்கத்தின் துணையோடு, 1980களில் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டெல்லியில் சோதன் சிங் என்று ஒருவர், ஜன்பத் சந்தில் 12ஆம் எண் மின்கம்பத்தடியில் ரெடிமேட் துணி விற்றவர். அவர் போட்ட வழக்கில்தான் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு. ஒரு மின்கம்பத்தடி மனிதர் நாடு முழுதுக்கும் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு அது. ஆனால் அதே தீர்ப்பு, இன்ன இடத்தில்தான் உட்காருவேன் என்று கேட்க உரிமை இல்லை என்றும் சொன்னது. மேடையில் முதல் பாதியை மட்டும் முழங்கிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்குகிற தலைவர்களை நம்பாதீர்கள். அந்த இடைவெளியை அடைக்கத்தான் சட்டம் தேவைப்பட்டது. 2010இல் கெய்ந்தா ராம் வழக்கில், சட்டம் இயற்று என்று நீதிமன்றம் கெடு வைத்தது. கெடு தாண்டி, இழுத்து, 2014இல் வந்து சேர்ந்தது.

சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? மூன்றாம் பிரிவில். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லா வியாபாரியையும் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து, எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஊர் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரைக்கும் வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஒரு லட்சம் பேர் உள்ள நகராட்சி என்றால் 2,500 பேர். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் இடம் மாற்றுவதற்கு முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதன்பிறகு, விதிப்படி கடை நடத்துகிறவரைப் போலீஸ்காரரானாலும் வேறு அதிகாரியானாலும் தடுக்கக் கூடாது என்று 27ஆம் பிரிவே நேராகச் சொல்கிறது.

ஆக, பட்டியலில் பேர் இருந்தால் நாம் வியாபாரி. பேர் இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பு. வடை ஒன்றுதான், வண்டி ஒன்றுதான், நடுவில் ஒரு காகிதம்.

அந்தக் காகிதம் நம் கைக்கு வராமல் போவதற்குப் பெரிய சதி எதுவும் வேண்டியதில்லை. கணக்கெடுக்கிற பையன் பகல் பதினோரு மணிக்கு வந்தால் போதும். காலை இட்லிக் கடை அக்கா அஞ்சரைக்கு அடுப்பு மூட்டி ஒன்பதரைக்கு ஏறக்கட்டிப் போயிருப்பார். ராத்திரி பரோட்டாக் கடை மாலை ஆறுக்குத்தான் திறக்கும். பதினோரு மணித் தெருவில் யார் இருப்பார்? செல்போன் கவர் விற்கிறவர் இருப்பார், இளநீர்க்காரர் இருப்பார். நம்மில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் பிறக்கவே இல்லை! போன முறை எங்கள் தெருவில் இதுதான் நடந்தது. முப்பது சாப்பாட்டு வண்டி நிற்கிற தெருவில் ஏழு பேர் பெயர்தான் ஏறியது. கேட்டால், "வந்தோம், கடை இல்லை" என்றார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொரு கோளாறு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. விடிகாலை எழுந்து மாவாட்டி, அடுப்பில் நின்று, பாத்திரம் துலக்குவது அக்கா. படிவம் எழுதும்போது மட்டும் எங்கிருந்தோ வந்து பெயர் கொடுப்பது மாமா. நாளைக்கு அவர் கோபித்துக்கொண்டு போனால் அட்டையும் கூடவே போகும். அடுப்படியில் நிற்கிறவர் யாரோ அவர் பெயர்தான் பட்டியலில் ஏற வேண்டும். இதில் என்னோடு சண்டை போடுகிற ஆம்பளைத் தோழர்கள் கூட்டத்துக்கு வந்து போடட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

இனி சுத்தம். நம் வாயை அடைக்க அவர்களிடம் இருக்கிற பெரிய பூட்டு இதுதான். "தெருக்கடைச் சாப்பாடு சுகாதாரக் கேடு." சரி, பேசுவோம். கை கழுவத் தண்ணீர் எங்கே? குப்பைத் தொட்டி எங்கே? வரி வசூலிக்கிற சந்தையில் ஒரு குழாய் இல்லை. பெண்கள் எட்டு மணி நேரம் அடுப்பு முன்னால் நின்று, கழிப்பறை இல்லாததால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுக்கிற கைக்குத் தன் தாகத்துக்குக் குடிக்க வழியில்லை. இதையும் சட்டம் யோசித்திருக்கிறது. முதல் அட்டவணையைப் பாருங்கள். சுகாதாரத்தைக் காரணம் காட்டி ஓர் இடத்தை விற்பனை கூடாத பகுதி என்று அறிவிக்க முடியாது. கேட்டுக்கு வியாபாரிகள் மட்டுமே காரணம் என்றும், உள்ளாட்சி தன் வேலையைச் செய்தாலும் அது தீராது என்றும் ஆனால்தான் முடியும். கூட்டம் அதிகம் என்பதும் காரணமாகாது. ஏற்கெனவே இயற்கையாக அமைந்த சந்தையைத் தடைப் பகுதியாக்கவும் முடியாது. குழாய் போடாதவர் நம்மைப் பார்த்து அழுக்கு என்று சொன்னால், இந்த அட்டவணையை நகலெடுத்து அவர் மேஜையில் வையுங்கள்.

ஆனால் தோழர்களே, நம் தட்டிலும் அழுக்கு உண்டு. அதை மறைத்துக்கொண்டு உரிமை பேசினால் வாடிக்கையாளரே நம்மைக் கைவிடுவார். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006ஆம் வருஷத்தது, 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நம்மைப் போன்ற சின்ன வியாபாரிக்கு அதில் லைசென்ஸ் தொல்லை வைக்கவில்லை, பதிவு செய்தால் போதும் என்றது; அப்போது வைத்த கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்கிறாரே என்று அந்தப் பதிவையே விட்டுவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? சோதனைக்கு வருகிறவருக்கு முதல் பிடி அங்கேதான் கிடைக்கிறது. கறுத்துப்போன எண்ணெயில் நாலாம் நாளும் பஜ்ஜி போடுவது, வீட்டு சிலிண்டரை வண்டிக்கு மாட்டுவது, செய்தித்தாளில் வடை மடித்துக் கொடுப்பது, இதெல்லாம் நம் பிழை. ஐந்து கிலோ சிலிண்டர் கடையிலேயே கிடைக்கிறது. மந்தாரை இலை கிடைக்கிறது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது "தொழிலே போச்சு" என்று புலம்பினோம். வாழை இலைக்குத் திரும்பினோம், ருசி கூடியது என்று வாடிக்கைக்காரரே சொன்னார்.

2024 பிப்ரவரியில் ரோடமின் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டது. இந்தத் தடைகளை எதிர்த்து ஒரு மனுவில்கூட நம் சங்கத்தின் கையெழுத்து இருக்காது. துணிக்குப் போடுகிற சாயத்தைக் குழந்தை நாக்கில் வைப்பது தொழில் உரிமைக்குள் வராது. விதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விதியை எழுதியவர் தன் பங்கையும் செய்யட்டும் என்கிறோம்.

நேரக் கட்டுப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற கடைகளும் நிறுவனங்களும் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசு ஆணை போட்டது, 2022இல் நீட்டித்தது. நல்லது, திறக்கட்டும். அந்தக் கண்ணாடிக் கடையில் ராத்திரி வேலை முடித்து வெளியே வருகிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் நாற்பது ரூபாய்க்கு வயிற்றை நிறைப்பது யார்? நாம்தான். நம் அடுப்பை மட்டும் பத்தரை மணிக்கே லத்தியால் தட்டி அணைக்கச் சொல்கிறார்கள். தட்டாமல் இருக்க ஒரு விலை, அதற்கு மாமூல் என்று ஒரு பேர்.

ராத்திரிக் கடை நேற்று முளைத்த சங்கதியா? மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடியிருக்கிறார். அடையும் மோதகமும் விற்கிறவர்கள், நடுச்சாமத்தில் சரக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கி வழிவதை அதில் காணலாம். அந்தத் தூக்கம் நமக்குத் தெரியும். நேற்றும் தூங்கினோம். ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்த இயற்கைச் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும் என 2014 சட்டத்திலேயே இருக்கிறது. நம் தமிழ் ஊர்களில் அப்படி அறிவிக்கத் தகுந்த தெருக்களை எண்ணத் தொடங்கினால் விரல் போதாது.

மாமூலுக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு என்று கொடுப்பதைக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நூறு என்றால் வருஷத்துக்கு முப்பத்தாறாயிரத்து ஐநூறு. சட்டப்படி கட்டணம் கட்டத் தயாராக இருக்கிறோம். ரசீது இருந்தால் அது கட்டணம், இல்லாவிட்டால் பிச்சைக்காரனிடம் பிடுங்குவது. இதற்குமேல் தண்டல்காரர் வேறு. ஐயாயிரம் என்று எழுதிக்கொண்டு நாலாயிரத்து ஐநூறை நீட்டுகிறார், நாம் நூறு நாள் ஐம்பது ஐம்பதாகத் திருப்பித் தருகிறோம். ஒருமுறை லாரி வந்து போனால் இரண்டு தண்டல் கூடுகிறது. தெரு வியாபாரிகளுக்கென்று 2020இல் தொடங்கிய ஸ்வநிதி கடனில் முதல் தவணை 10,000 ரூபாய். 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள். ஈடு கேட்பதில்லை. வாங்கலாமே என்றால் அதற்கும் வியாபாரி அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். சுற்றிச் சுற்றி அதே பட்டியலுக்குத்தான் வந்து நிற்கிறோம்.

பட்டியலை இறுதி செய்கிற இடம் நகர விற்பனைக் குழு. அதன் தலைவர் ஆணையர். ஆனால் உறுப்பினரில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களாக. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தேர்தலே நடத்தாமல், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற நாலு பேரை உட்கார வைத்து "குழு கூடியது" என்று எழுதிக்கொண்டால் அந்தக் குழு யாருடையது? உங்கள் ஊரில் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, யார் யார் உறுப்பினர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் செலவு. அந்தப் பத்து ரூபாய் மனுவுக்கு அவர்கள் பயப்படுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரயில்வே நிலத்தில் நிற்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சட்டம் ரயில்வே இடத்துக்குச் செல்லாது, முதல் பிரிவிலேயே விலக்கிவிட்டார்கள். உங்கள் போராட்டம் தனி. அதற்காக உங்களைத் தனியே விடமாட்டோம்.

நடந்து போகிறவர்களும் நம் ஜனம்தான். கைத்தடியோடு வருகிற பெரியவர் நம் பெஞ்சுக்குப் பயந்து ரோட்டில் இறங்கி நடந்தால், அடுத்த லாரிக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போல. இன்றைக்கே பெஞ்சை உள்ளே இழுங்கள். ஒரு சக்கர நாற்காலி போகிற அளவுக்கு வழி விட்டுக் கடை போடுங்கள். யாரும் சொல்லி இதைச் செய்யக் கூடாது.

லாரி வந்துவிட்டால்? கல்லெடுக்காதீர்கள், மேலே விழுந்து புரளாதீர்கள், அது வீடியோவாகி நமக்கு எதிராகவே திரும்பும். பத்துப் பேர் வண்டியைச் சுற்றி நில்லுங்கள். ஒருவர் செல்போனில் எடுக்கட்டும். ஒருவர் மட்டும் பேசட்டும், அது பெண்ணாக இருந்தால் நல்லது. மூன்று கேள்வி கேளுங்கள்: கணக்கெடுப்பு முடிந்ததா, முப்பது நாள் நோட்டீஸ் எங்கே, எடுக்கிற சாமானுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? பட்டியல் இல்லாமல் ஒரு ஜல்லிக்கரண்டிகூட லாரி ஏறக் கூடாது. ஏறிவிட்டால் அன்று ராத்திரியே எழுத்தில் உரிமை கோரி மனு கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். கேட்ட அன்றைக்கே தர வேண்டும் என்ற கணக்கு அந்தச் சீலில் இருந்துதான் ஓடும்.

இந்த முறை கணக்கெடுப்பை நாமே முதலில் செய்துவிடப் போகிறோம். தெருவுக்கு இரண்டு பேர், ஒருவர் விடிகாலைக்கு, ஒருவர் ராத்திரிக்கு. ஒவ்வொரு வண்டியையும் கடை நடக்கிற நேரத்திலேயே படம் எடுத்து, நேரம், இடம், எத்தனை வருஷமாக என்று எழுதி, ஒரு நோட்டில் ஏற்றுகிறோம். அந்த நோட்டை ஆணையர் மேஜையில் வைத்து, உங்கள் ஆட்களை அஞ்சரை மணிக்கு அனுப்புங்கள், ராத்திரி ஒன்பதுக்கு மறுபடி அனுப்புங்கள் என்று கேட்கப் போகிறோம்.

வருகிற வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நகராட்சி வாசலுக்கு வாருங்கள். காலைக் கடை அக்காமார் பாத்திரம் துலக்கியதும் நேரே வரட்டும். ராத்திரிக் கடைத் தோழர்கள் அன்றைக்கு ஒரு நாள் தூக்கத்தைப் பாதியில் விட்டு வரட்டும். ஆதார் நகல் ஒன்று, போட்டோ இரண்டு, பழைய ரசீது, அபராதச் சீட்டு, எதுவாக இருந்தாலும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள். கொடி நாங்கள் கொண்டுவருகிறோம். சாப்பாடு வழக்கம்போல நம்முடையதுதான்.